ஷெட்லாந்து வழக்கும் செய்தி லிங்க்கின் கதையும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே நடுக்கடலில் இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில் சுமார் 23,000 பேர் வசிக்கிறார்கள். தலைநகர் லெர்விக். ‘ஷெட்லாந்து டைம்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை 1872-இல் அங்கேதான் பிறந்தது. மீன்பிடிப் படகு, ஆட்டுச் சந்தை, எண்ணெய் முனையம் என்று ஊர் நடப்பை எழுதும் சின்னப் பத்திரிகை அது. ஒரு செய்தித்தளம் இன்னொரு தளத்தின் செய்திக்கு லிங்க் கொடுக்கலாமா என்ற கேள்வியை 1996-இல் நீதிமன்றப் படியேற்றியது அந்தப் பத்திரிகைதான்.

எதிராளியும் உள்ளூர்க்காரர்தான். ஜொனாதன் வில்ஸ் என்ற பத்திரிகையாளர் ‘ஷெட்லாந்து நியூஸ்’ என்ற இணையச் செய்தித்தளத்தை நடத்திவந்தார். டைம்ஸ் தன் தளத்தைத் தொடங்கியதும், அதன் செய்தித் தலைப்புகளை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். தலைப்பைச் சொடுக்கினால் டைம்ஸ் தளத்தில் அந்தச் செய்தி நேராகத் திறக்கும். டைம்ஸின் முகப்பை வாசகர் எட்டிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

டைம்ஸைச் சுட்டது இதுதான். அச்சுத் தொழிலில் ஊறியவர்களுக்கு முதல் பக்கம்தான் உயிர். கடையில் தொங்குவது அது, பேப்பரை விற்பது அது, நல்ல விளம்பரம் வந்து சேர்வதும் அங்கேதான். தளத்தின் முகப்பிலும் விளம்பரம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்த நிர்வாகத்துக்கு, வாசகர் பக்கவாட்டில் நுழைவது வருமானத்தில் கைவைப்பதாகத் தெரிந்தது.

1996 அக்டோபரில் நீதிபதி ஹாமில்டன் இடைக்காலத் தடை விதித்தார். இணையத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாத நேரம். 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கேபிள் நிகழ்ச்சிகளுக்காக எழுதிய பிரிவையே இணையதளத்துக்கும் பொருத்திப் பார்த்தார்கள். செய்தித் தலைப்புக்கும் பதிப்புரிமை உண்டு என்ற வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ள முடியாது என்றும் நீதிபதி கருதினார். இறுதித் தீர்ப்பு வரவேயில்லை. 1997 நவம்பரில் இரு தரப்பும் சமரசமாகப் போயின. நியூஸ் லிங்க் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைப்பின் கீழும் ‘ஷெட்லாந்து டைம்ஸ் செய்தி’ என்று ஏறக்குறைய அதே எழுத்தளவில் போட வேண்டும், பக்கத்திலேயே டைம்ஸின் சின்னமும் இருக்க வேண்டும்.

நல்ல சமரசம். யாருடைய உழைப்பு என்று சொல், வாசகரை அங்கேயே அனுப்பு என்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. அமெரிக்காவிலும் அதே 1997-இல் இதுபோல ஒரு வழக்கு நடந்தது. ‘டோட்டல் நியூஸ்’ என்ற தளம் பிறருடைய செய்திப் பக்கங்களைத் தன் பக்கத்தின் சட்டகத்துக்குள் (ஃபிரேம்) திறந்து, சுற்றிலும் தன் விளம்பரங்களை ஓட்டியது. வாஷிங்டன் போஸ்ட், சிஎன்என் முதலிய நிறுவனங்கள் வழக்குப் போட்டன. லிங்க் கொடுக்கலாம், சட்டகத்துக்குள் அடைக்கக் கூடாது என்று அது முடிந்தது.

ஷெட்லாந்து சமரசம் நடந்த அதே 1997 நவம்பரில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. 4-ஆம் தேதி பிபிசி தன் செய்தித்தளத்தைத் தொடங்கியது. செய்தியின் ஓரத்தில் வெளித்தளங்களுக்கான லிங்க்குகள், அவற்றின் கீழே ‘வெளித்தளங்களின் உள்ளடக்கத்துக்கு பிபிசி பொறுப்பல்ல’ என்ற வரி. இந்த ஏற்பாடு பின்னர் அந்தத் தளத்தின் அடையாளமாகவே ஆனது.

16-ஆம் தேதி ‘பிலடெல்பியா இன்க்வைரர்’ நாளிதழ் மார்க் பௌடன் எழுதிய ‘பிளாக் ஹாக் டவுன்’ தொடரை ஆரம்பித்தது. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷு நகரத்தில் நடந்த சண்டையை 29 பகுதிகளில் சொன்ன தொடர் அது. அச்சில் அது வெறும் தொடர்கதை. தளத்திலோ, வாசிக்கும்போதே வரைபடத்துக்கும், பேட்டியின் ஒலிப்பதிவுக்கும், ராணுவ வானொலிப் பேச்சுக்கும், ஆவணங்களுக்கும் போய்வரலாம். நிருபர் எழுதியதை அவர் கையில் இருந்த ஆதாரத்தோடு வாசகரே ஒப்பிட முடிந்தது. அந்தச் சண்டையில் இருந்த சிப்பாய்கள் படித்துவிட்டுப் பௌடனுக்கு மின்னஞ்சல் போட்டார்கள், பிழைகளைத் திருத்தினார்கள், அவர் கேட்காத சம்பவங்களையும் சொன்னார்கள். 1999-இல் அது புத்தகமாக வந்தபோது அந்தத் திருத்தங்களும் சேர்ந்தே வந்தன. செய்தியில் லிங்க் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தத் தொடரைத்தான் காட்ட வேண்டும். இணையம் பத்திரிகைத் தொழிலுக்குக் கொடுத்த கொடை, நிருபர் தன் சான்றுகளை வாசகர் முன் விரித்துவைக்க முடிந்ததுதான்.

அந்த வழக்கம் பரவியிருக்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் பரவவில்லை. வாசகர் வெளியே போய்விடுவாரே என்ற பயத்தில் லிங்க்குகள் உள்பக்கமே திரும்பின. அமைச்சரின் பெயரைத் தொட்டால் அமைச்சரைப் பற்றிய பழைய செய்திகள், கீழே ‘இதையும் படியுங்கள்’. செய்திக்கு ஆதாரமான ஆவணம் மட்டும் இல்லை.

பிறகு சண்டை கூகுள், முகநூல் பக்கம் போனது. தங்கள் செய்திகளைக் காட்டுவதற்கு அந்த நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்று பதிப்பாளர்கள் கேட்டார்கள். ஸ்பெயினில் அப்படிச் சட்டம் வந்ததும் 2014 டிசம்பரில் கூகுள் நியூஸ் அங்கே கடையை மூடியது. திரும்பத் திறந்தது 2022-இல். கனடா 2023 ஜூனில் சட்டம் இயற்றியது. ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடியர்களுக்குச் செய்தி லிங்க்குகளை முடக்கியது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் கனடாவின் யெல்லோநைஃப் நகரம் சுமார் 20,000 மக்களோடு காலிசெய்யப்பட்டது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியைப் பகிர முடியாமல் மக்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார்கள்.

கொடுத்த லிங்க்குகளின் கதியும் கவலைக்குரியதுதான். நியூயார்க் டைம்ஸ் தளத்தின் 1996 முதலான கட்டுரைகளை ஹார்வர்டு சட்டக் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-இல் அலசினார்கள். வெளித்தளங்களின் குறிப்பிட்ட பக்கங்களைச் சுட்டிய லிங்க்குகளில் கால்வாசி திறக்கவில்லை. 1998-ஆம் ஆண்டின் லிங்க்குகளை மட்டும் எடுத்தால் 72 சதவீதம் போய்விட்டன.

தமிழில் இழப்பு இன்னும் ஆழம். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கின. அந்தக் காலப் பக்கம் ஒன்று இன்று தப்பித்தவறித் திறந்தாலும், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தெரிவது புரியாத குறிகள்தான். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைக் கைகழுவுவதும் இங்கே சகஜம்.

தமிழ்ச் செய்தித்தளங்களை நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். அரசாணையைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ எழுதினால் அதன் லிங்க்கைச் செய்திக்குள்ளேயே கொடுங்கள். தளத்தை மாற்றும்போது பழைய முகவரிகள் புதிய பக்கங்களுக்குப் போகும்படி செய்துவிட்டு மாற்றுங்கள்.