நரம்பு, தந்தி, கம்பி: பேஸ் கிட்டாரின் கம்பித் தேர்வும் மும்பைத் தமிழர் செவியும்

இசை வரலாறு பெரும்பாலும் பாடியவர், இயற்றியவர், புரந்தவர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கருவிக்கு அதில் ஓரிரு பக்கங்கள் கிடைக்கும். கருவியில் பூட்டப்படும் கம்பிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆயினும் பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒருவர் தட்டைச் சுற்றுக் கம்பியை வாங்குவதா, உருண்டைச் சுற்றுக் கம்பியை வாங்குவதா என்று முடிவு செய்யும்போது, எந்த ஓசை இசை, எந்த ஓசை இரைச்சல் என்னும் பழைய வழக்கொன்றில் தீர்ப்பு வழங்குகிறார். அந்த வழக்குக்குத் தமிழ்ச் சொல் வரலாற்றில் ஒரு முகம் உண்டு. மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் மற்றொரு முகம் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. கம்பியைச் சுற்றியது ஏன்?

1636இல் மரன் மெர்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர், அதிரும் இழையின் சுருதி எவற்றைப் பொறுத்தது என்பதை விதிகளாக வகுத்தார். இழை நீண்டால் சுருதி இறங்கும். இழுவிசை குறைந்தால் இறங்கும். எடை கூடினாலும் இறங்கும். நீளத்தைக் கை எட்டும் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. இழுவிசையைக் குறைத்தால் இழை தளர்ந்து குழறும். எஞ்சுவது எடை. ஆனால் குடல் இழையை வெறுமனே தடிப்பாக்கினால் அது விறைத்துப்போய் ஓசை மழுங்கும். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியக் கைவினைஞர்கள் இதற்குக் கண்ட தீர்வு எளியது: மெல்லிய குடல் இழையின்மேல் உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது. எடை கூடியது, வளையும் தன்மை கெடவில்லை.

இன்றைய பேஸ் கிட்டாரும் இதே தீர்வின்மேல்தான் நிற்கிறது. வழக்கமான நான்கு கம்பிப் பேஸில் மிகக் கீழான கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. 34 அங்குல நீளத்திற்குள் அந்தச் சுருதியைத் தருவது எஃகு உள்ளிழையின்மேல் ஏறிய சுற்றே. சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் மேற்பரப்பு வரிவரியாக அமையும். விரல் அதன்மேல் நகரும்போது சீறும். சுற்றுவது தட்டையான நாடாவாக இருந்தால் மேற்பரப்பு வழவழப்பாகும்; விரல் ஓசையின்றி வழுக்கும். முன்னது ரவுண்ட்வௌண்ட், பின்னது ஃபிளாட்வௌண்ட். உருண்டையாகச் சுற்றிப் பின் மேல்முகட்டைத் தேய்த்தெடுக்கும் இடைப்பட்ட வகையும் உண்டு.

வேறுபாடு தொடுவுணர்வோடு நிற்பதில்லை. தட்டை நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று அணைந்து கிடப்பதால் மேல் அதிர்வுகள் விரைவில் அடங்கிவிடுகின்றன. காதில் நிற்பது அடிச்சுருதியும் அதை ஒட்டிய சில மேற்சுருதிகளுமே. உருண்டைச் சுற்றில் மேற்சுருதிகள் நீண்டு ஒலிக்கும். ஓசையில் உலோகப் பளபளப்பு இருக்கும்.

1951இல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் சந்தைக்கு வந்தபோதும் அதற்குப் பின் பத்தாண்டுக்கு மேலும் தட்டைச் சுற்றே பெருவழக்கு. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைப்பதிவுகளுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லா நிறுவனத்தின் கனத்த தட்டைச் சுற்றுக் கம்பிகளையே பயன்படுத்தினார். அறுந்தாலன்றி அவர் கம்பியை மாற்றுவதில்லை என்பது அவரைப் பற்றி வழங்கும் புகழ்பெற்ற செய்தி. 1960களின் நடுவில் இங்கிலாந்தில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் நிறுவனத்தை நடத்திய ஜேம்ஸ் ஹவ்வுடன் இணைந்து உருண்டைச் சுற்றுப் பேஸ் கம்பியைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் ராக் இசையில் பேஸ் ஓசை பின்னணியிலிருந்து முன்னே வந்தது. அதுவரை குறையெனக் கருதப்பட்ட சீறல் ஒரு பாணியாயிற்று.

2. சொல் எதைச் சொல்கிறது?

இக்கருவி தமிழர் கைக்கு வந்தபோது, இழையைக் குறிக்க ஏற்கெனவே மூன்று சொற்கள் இருந்தன: நரம்பு, தந்தி, கம்பி.

பழந்தமிழ் நூல்களில் யாழின் இழைக்குப் பெயர் நரம்பு. அதே சொல் இசைச் சுரத்தையும் குறித்தது. தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா இசைநூலைச் சுட்டுவதே நரம்பு என்னும் சொல்லைக் கொண்டுதான். உடலின் பகுதி, கருவியின் உறுப்பு, அதிலிருந்து பிறக்கும் சுரம் என மூன்று படிகளையும் ஒரே சொல் ஏந்தி நின்றது. வடமொழி வழி வந்த தந்தி பின்னர்ப் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் மின்கம்பி வழிச் செய்திக்கும் அதுவே பெயராயிற்று. 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழின் பெயரில் அந்தப் பொருள் நிலைபெற்றது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்ற பின்னும் சொல் வாழ்கிறது. இந்தியிலும் மராத்தியிலும் ‘தார்’ என்னும் சொல் இதே தடத்தில் சென்றது: கருவியின் இழை, உலோகக் கம்பி, தந்திச் செய்தி. மும்பைத் தமிழருக்கு இந்த இரட்டைப் பொருள் இரு மொழியிலும் பழக்கமானது. மூன்றாவதான கம்பி, வேலிக்கும் சன்னலுக்கும் வீணைக்கும் பொதுவானது; அதில் உலோகம் மட்டுமே தெரிகிறது.

நரம்பிலிருந்து கம்பிக்கு வந்த நகர்வை, விலங்கின் குடலிலிருந்து உலோகத்திற்கு வந்த நகர்வின் நேர்ப்பதிவாகக் கொள்ளத் தோன்றும். அது அவசர முடிவு. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்துப் பூட்டி வில்யாழ் செய்கிறான். அந்த நாரும் அங்கே நரம்பு என்றே சொல்லப்படுகிறது. ஆகவே நரம்பு பொருளின் பெயராக மட்டும் இருந்ததில்லை. இசை பிறக்கும் இழை எதுவாயினும் அது நரம்பே. மாறியது வேறொன்று. இழைக்குப் பெயராக வந்த சொல் உடலையும் நினைவூட்டியது அன்று. இன்று வழங்கும் சொல் அதை நினைவூட்டுவதில்லை.

கருவி வகைப்பாட்டில் இதன் தடயம் எஞ்சியிருக்கிறது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்பது மரபு. இவற்றுள் தோற்கருவியில் இன்றும் தோல் உண்டு. நரம்புக்கருவியிலோ பெயர் மட்டுமே மிஞ்சியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் கையில் கர்நாடக இசைக்குள் நுழைந்த வயலின், ஐரோப்பாவில் அப்போது குடல் இழை பூட்டிய கருவி. இன்று கச்சேரி மேடையில் அதில் இருப்பது உலோகம்.

மின்கிட்டார் குடலை முற்றிலும் வெளியேற்றியது. அதன் காந்த ஒலியேற்பி எஃகு அல்லது நிக்கலின் அசைவை மட்டுமே உணரும்; குடல் இழை எவ்வளவு அதிர்ந்தாலும் அதற்குக் கேட்காது.

3. தண்டவாளத்தின் இரு பக்கம்

மும்பையில் இந்த வேறுபாட்டை நிலப்படத்திலேயே காணலாம். மாட்டுங்காவும் சயானும் ஒரு பக்கம். தண்டவாளத்தின் மறுபக்கம் தாராவி. அதன் ஒரு பகுதிக்கே மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர். மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952இல் ஷண்முகானந்த சபை தோன்றி, 1963இல் பேரரங்கைத் திறந்தது. 1990இல் தீயில் சேதமுற்ற அந்த அரங்கம் 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி அதே பணியைச் செய்தது. செம்பூரில் 1967இல் பிறந்த பாடகர் சங்கர் மகாதேவன் சிறுவயதில் கற்றது வீணை.

தாராவிக்குத் தமிழர் வந்த வழி வேறு. பாந்த்ராவின் இறைச்சிக்கூடம் அருகிருந்ததால் தாராவியில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அதில் உழைத்தனர். 1971இல் இறைச்சிக்கூடம் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது; காலப்போக்கில் பதனிடும் சாலைகளும் வெளியேற, தாராவியில் தோல்பொருள் தைக்கும் தொழில் நிலைத்தது.

ஒரே மொழி பேசுவோர். ஒரு தண்டவாள அகலத் தொலைவு. ஒரு பக்கம் தோற்கருவி மேடையேறியது. மறுபக்கம் தோல் பதப்பட்டது. மிருதங்கத்தின் தோலுக்குப் பின்னிருக்கும் கைகளை டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு முதலில் அளித்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. இசைக்குள் இருக்கும் விலங்குடலைப் பேசுவது இன்றும் எளிதன்று என்பதற்கு அது சான்று. மின்கருவி அந்தப் பேச்சையே தேவையற்றதாக்கியது போலத் தோன்றியது. ஆலையில் சுற்றி உறையிலிட்டு வரும் எஃகுக் கம்பியில் யாருடைய கையும் தெரியாது. தட்டைச் சுற்றோ ஒரு படி மேலே சென்று வாசிப்பவரின் விரலோசையையும் மறைக்கிறது.

4. வீணையின் எண்ணெய்க் கிண்ணம்

விரலோசையை அடக்கும் விருப்பம் கிட்டாரோடு வந்ததன்று. வீணையில் மந்தரம், அனுமந்தரம் என்னும் கீழ்க்கம்பிகள் முன்பு பித்தளையால் ஆனவை. இன்று பலர் சுற்றுக் கம்பியைப் பூட்டுகின்றனர். சுற்றின் வரிகளில் விரல் வழுக்கும்போது எழும் கீறல் ஓசை கமகத்தைக் கெடுக்கும் என்பதால் வழவழப்பாக்கிய சுற்றை நாடுவோரும் உண்டு. அதற்கும் முன்பே வைணிகர் அருகில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. இடக்கை விரல்களை அதில் தொட்டுக்கொண்டே வாசிப்பது வழக்கம். தட்டைச் சுற்று நாடா செய்வதை அங்கே எண்ணெய் செய்தது.

எனவே கமகப் பயிற்சியுள்ள செவிக்குத் தட்டைச் சுற்று இயல்பாகவே உவப்பாகும். ஆனால் ஓசையின் தன்மையில் இரண்டும் எதிரெதிர். வீணையின் வளைந்த பித்தளைக் குதிரை மேற்சுருதிகளை வளர்க்கிறது; அதனால்தான் ஒரே மீட்டில் நீண்ட இழைப்பு நிகழ முடிகிறது. தட்டைச் சுற்று மேற்சுருதிகளை அடக்குகிறது. அதன் ஓசை வீணையைவிட மிருதங்கத்தின் தொப்பிக்கு நெருக்கமானது. மெட்டில்லாப் பேஸில் நீண்ட கமகம் வாசிக்க விரும்புவோர் உருண்டைச் சுற்றையே நாடுவதற்கு இது காரணம். விலையாகத் தேய்வது விரற்பலகை. ஜாக்கோ பஸ்டோரியஸ் தம் மெட்டில்லாப் பேஸின் விரற்பலகைக்கு எபாக்ஸி பூசிக்கொண்டது அதனால்தான்.

5. யாருடைய செவிக்கு?

பம்பாய்த் திரையிசையில், குறிப்பாக ஆர். டி. பர்மனின் குழுவில் டோனி வாஸ் வாசித்த பேஸும், தமிழில் 1970களின் இறுதியிலிருந்து இளையராஜாவின் பாடல்களில் தனிக்குரலாகவே எழுந்த பேஸ் வரிகளும் இக்கருவியைப் பொதுமக்கள் செவிக்குக் கொண்டுவந்தன. 2001 வரை வெளிநாட்டு நுகர்பொருள் இறக்குமதிக்குப் பலவகைக் கட்டுப்பாடுகள் இருந்த நாட்டில், நீண்ட நாள் உழைக்கும் கம்பி என்பதே ஒரு தகுதி. உருண்டைச் சுற்றின் வரிகளில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து சில வாரங்களில் ஓசை மங்கும். கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து மீட்டெடுக்கும் கைவைத்தியம் உலகெங்கும் பேஸ் கலைஞரிடையே உண்டு. தட்டைச் சுற்று ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கடற்காற்றும் நான்கு மாத மழையீரமும் கொண்ட மும்பையில் இது சிறிய நன்மையன்று.

ஆனால் எதிர்வாதமும் வலுவானது. 41 அதிர்வெண் கொண்ட அடிச்சுருதியைச் சிறிய ரேடியோவோ கைப்பேசியோ ஒலிக்கவே இயலாது. அத்தகைய ஒலிபெருக்கியில் நாம் பேஸைக் கேட்பது மேற்சுருதிகளிலிருந்து மூளை அடிச்சுருதியை ஊகித்துக்கொள்வதால்தான். தட்டைச் சுற்று அடக்குவது அந்த மேற்சுருதிகளையே. பேரரங்கின் ஒலியமைப்பில் நெஞ்சை நிறைக்கும் ஓசை, தாராவிச் சந்தில் கைப்பேசி வழியே கேட்பவருக்கு ஏறத்தாழக் காணாமற்போகலாம். 2018இல் ‘காலா’ படத்தில் ஒலித்த தாராவியின் ராப் குழுவான டோப்அடெலிக்ஸின் தலைமுறைக்கு இசை பெரிதும் அந்தச் சிறிய ஒலிபெருக்கி வழியேதான் சென்று சேர்கிறது.

ஆகவே தேர்வின் அளவைகளை இப்படித் தொகுக்கலாம். மிருதங்கம், தபலா, டோலக் ஆகியவற்றோடு சேர்ந்து அடித்தளமாக நிற்கவேண்டிய பேஸுக்குத் தட்டைச் சுற்று பொருந்தும். அது நடுச்சுருதிகளைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும். தனித்து எழுந்து பேசவேண்டிய பேஸுக்கும், சிறிய ஒலிபெருக்கியைச் சென்றடையவேண்டிய பதிவுக்கும் உருண்டைச் சுற்று உதவும். தட்டைச் சுற்றிலும் ஒரே தன்மையில்லை: லா பெல்லாவின் கனத்த வகை விறைப்பானது, 1919இல் வியன்னாவில் தொடங்கிய தோமாஸ்டிக்-இன்ஃபெல்டின் வகை இழுவிசை குறைந்தது, விரலுக்கு இணங்குவது. கனமான கம்பிக்கு மாறுவோர் கழுத்தின் உள்கம்பியைத் திருத்தவேண்டும். கம்பி அமரும் பள்ளம் போதுமா என்றும் பார்க்கவேண்டும்.

இவை தொழில்நுட்ப அளவைகள். இவற்றின் அடியில் இருக்கும் வினா, கையின் ஓசை இசைக்குள் இருக்கலாமா என்பது. வைணிகரின் எண்ணெய் ஒரு விடை. என்ட்விசிலின் சீறும் கம்பி மற்றொரு விடை. எதைத் தேர்ந்தாலும், மறைக்கப்படும் கை இல்லாமற்போவதில்லை. நரம்பு என்னும் சொல்லை வகைப்பாட்டின் பெயரில் இன்னும் காத்துவைத்திருக்கும் மொழி, அதை மறக்காமலிருக்க ஒரு வழியையும் காத்துவைத்திருக்கிறது. தமிழில் எழுதப்படவேண்டிய கருவி வரலாறு அந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.