தோட்ட ரயில்

மலேசியத் தமிழில் 'தோட்டம்' என்றால் முதலில் மனசுக்கு வருவது ரப்பர், செம்பனை எஸ்டேட்தான். பூச்செடி வைக்கும் வீட்டுத் தோட்டமெல்லாம் அதற்குப் பிறகு. அதனால் வீட்டில் சின்னதாகத் தோட்ட ரயில் போடுகிறேன் என்று சொன்னால், எழுபது வயசுக்காரர் ஒருவர் செம்பனைக் குலை ஏற்றிப்போன ரயிலைத்தான் நினைத்துக்கொள்வார். அவர் நினைப்பதில் தப்பே இல்லை. இரண்டு ரயிலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை.

இங்கிலாந்தின் டஃபீல்டில் ஆர்தர் ஹேவுட் என்பவர் 1874இல் தன் வீட்டை ஒட்டிய மலைச்சரிவில் தண்டவாளம் போட ஆரம்பித்தார. தந்தையின் வீட்டில் முன்பு போட்டுப் பார்த்த 9 அங்குலப் பாதை ஆட்கள் ஏறிப்போக நிதானமாக இல்லை. அதனால் 15 அங்குலத்துக்கு மாறினார். எஞ்சின், பாலம், சுரங்கம், சாப்பாட்டுப் பெட்டி, தூங்கும் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். இதெல்லாம் வெறும் விளையாட்டு இல்லை. உண்மையில் வேலை செய்யக்கூடிய ஆகச் சிறிய ரயில் எது என்பதே அவருடைய கேள்வி. பெரிய பண்ணைகளும் ராணுவமும் வாங்கும் என்று நம்பினார். கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் ஈட்டன் ஹால் மாளிகைக்கு மட்டும்தான் அப்படி ஒரு பாதை போட முடிந்தது.

அதே 1870களில் பிரான்சில் தெகோவில் என்பவர் பீட்ரூட் அறுவடைக்காக, துண்டு துண்டாகத் தூக்கிப் போடக்கூடிய தண்டவாளத்தை உருவாக்கினார். உலகம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. பண்ணை, சுரங்கம், கரும்புத் தோட்டம் என்று பரவிய அந்த வகைக் குறும்பாதை மலாயாவுக்கும் வந்தது. அறுத்த செம்பனைக் குலையைச் சீக்கிரம் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். சேற்று நிலத்தில் லோரி புதையும். 700 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் இரண்டு சிக்கலையும் தீர்த்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர்.

ஆனால் பெரியவர்கள் ரயில் பேச்சை எடுத்தாலே முகம் மாறுவதற்கு வேறு காரணம் உண்டு. 1942-43இல் ஜப்பானியர்கள் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய் 415 கிலோமீட்டர் சயாம் பாதையைப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பவில்லை. அங்கே எல்லாமே அவசரம். மனுஷனுக்குத் தாங்குமா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் இருப்பவர்களுக்கு ரயிலின் இன்னொரு முகமும் பழக்கம். கொடிமலைக்குப் போகும் ரயில் நம் அடிவாரத்திலிருந்துதான் ஏறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முதல் முயற்சி ஓடவே இல்லை. இரண்டாவது முயற்சியில்தான், 1923இல், கம்பிவடம் இழுக்கும் ரயில் மேலே போனது. அதுவும் ஒரே மூச்சில் இல்லை. பாதையை இரண்டாகப் பிரித்து, நடுவில் பெட்டி மாறி ஏறவேண்டும். 2011இல்தான் அது நேர்ப்பாதை ஆனது.

வீட்டுத் தோட்டத்தில் இன்று பலரும் போடுவது 45 மில்லிமீட்டர் அகலம். கணக்கு மட்டும் பெரிய ரயிலின் கணக்கேதான். பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டருக்கு, 30 டிகிரி சூடு ஏறினால், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். இணைப்பில் இடைவெளி விடாவிட்டால் வளைந்துவிடும். நம்ம ஊர் மழைக்கு அடியில் சரளைக் கல் போட்டுத் தண்ணீர் வடிய வழி செய்யணும். ஒரு மீட்டர் போட்டு, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு, அடுத்த மீட்டர் போடலாம்.

மெதுவாகப் போடுவதை எல்லாரும் காசு இல்லாததன் அடையாளமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்மவர்கள் போட்ட தண்டவாளத்தில் வேகத்தை எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். இந்தப் பாதைக்குக் கங்காணி கிடையாது.