தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள்

எங்க பக்கம் பொங்கல்னா ரெண்டு. ஒண்ணு சூரியனுக்கு, இன்னொண்ணு பென்னிகுக்குக்கு. ஜனவரி 15 அவர் பிறந்த நாள். மேற்கே ஓடிக்கிட்டிருந்த பெரியாற்றுத் தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பின மனுஷன். அணை முடிஞ்சது 1895-ல். இன்னைக்கு கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம்னா அந்தத் தண்ணிதான். அந்தச் சோத்துல வளர்ந்து இன்ஜினியரிங் படிச்சவன் நான்.

இந்தத் தடவை அக்கா பையனோட தேக்கடியில் படகு ஏறினேன். ஏரி நடுவுல பட்டுப்போன மரங்கள் மொட்டையா நிக்கும், பாத்திருப்பீங்க.

"மாமா, இதை யாரு தண்ணிக்குள்ள நட்டாங்க?"

"யாரும் நடலைடா. காடு இருந்த இடத்துக்குத் தண்ணி வந்துச்சு."

"எத்தன மரம் இருந்துச்சு?"

முழிச்சேன். அணையில எத்தனை அடி தண்ணின்னு தினமும் பேப்பர்ல பாக்குறோம். மரக்கணக்கை எங்க வீட்டுல யாரும் கேட்டதே இல்லை.

மரத்தை எண்ணுறவங்க இருக்காங்களான்னு தேடினப்போ முதுமலை கிடைச்சது. 1988-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழு அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து, 1 செ.மீ. தடிமனுக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டினாங்க. மொத்தம் 25,000-க்கு மேல! வருஷா வருஷம் எது செத்தது, எது புதுசா முளைச்சது, யானை முறிச்சதா, தீயில் போச்சான்னு பதிவு. பனாமா நாட்டுக் காட்டில் 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பிச்ச முறை இது.

19 வருஷக் கணக்கை வச்சு 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. மழை குறைஞ்சா பெரிய மரங்கள் அந்த வருஷமே சாகுறதில்லை. அடி தெரிய ரெண்டு மூணு வருஷம் ஆகுதாம்.

எங்க வேலையிலும் இதே கதைதான். தப்பு நடந்த நாள் ஒண்ணு, சர்வர் படுக்கிற நாள் ஒண்ணு. லாக் இல்லேன்னா கடைசியா தொட்டவன் தலையில விழும்.

எங்க வீட்டுலயும் அப்படித்தான் விழுந்தது. தாத்தா வச்ச மாமரம் 2019-ல் திடீர்னு பட்டுப்போச்சு. வேலித் தகராறு இருந்ததால பெரியப்பாதான் வேர்ல ஏதோ ஊத்திட்டார்னு அப்பா முடிவே பண்ணிட்டார். அன்னையிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. 2016-ல் தமிழ்நாடே காய்ஞ்சது யாருக்கும் ஞாபகம் வரலை.

காட்டு மரக் கணக்கு தோட்டத்து மாமரத்துக்கு அப்படியே பொருந்தும்னு நான் சாதிக்கலை. ஆனா சந்தேகப்பட இன்னொரு ஆளும் இருக்கான்னு அப்பாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசலை. மறுநாள் காபி குடிக்கும்போது, "அந்த வருஷம் மழை எப்படா நின்னுச்சு?"ன்னு கேட்டார்.

எழுதி வச்சவங்க யாரும் இல்லை. கம்பத்துல ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் மிச்சமிருக்கிற நாலு மாமரத்துக்கும் நம்பர் போட்டுட்டு பஸ் ஏறினேன். மழையை எழுத வேண்டியது அப்பா பொறுப்பு.