'மலையாளி'க்குள் இருக்கும் வினைச்சொல்

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டார் 'மலையாளி' எனப்படுவதால் அவர்களின் முன்னோர் கேரளத்தவர் என்று இன்னமும் எழுதுகிறார்கள். படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. மலையின் 'நாடு' எனப்படும் 14 பிரிவுகளிலும் வீட்டுப் பேச்சு தமிழ். இனவரைவாளர் தர்ஸ்டன் 1909இல் அச்சிட்ட குடிவழிக் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது மலைக்காரர்களுக்கும் இதே பெயர்தான். கொல்லியின் தலைவன் ஓரியை முள்ளூர் மன்னன் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியை (அகநானூறு 209) சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அந்தச் சேரன் பேசியதும் தமிழே.

மலை + ஆளி. பங்காளி, கூட்டாளி, தொழிலாளியில் வரும் அதே ஆளி. 'மலையை அரசாண்ட மரபினர்' என்று பெருமையோடு பொருள் விரிப்பவர்களும் தவறுகிறார்கள். பங்காளி எந்தப் பங்கை அரசாண்டான்? பங்கு உடையவன், அவ்வளவே. குறளின் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்கே பேசப்படுவது முயற்சி, முடியும் கோலும் அல்ல. 81ஆம் குறளின் வேளாண்மைக்கு உதவி என்பது பொருள். கையாள், எடுத்தாள் என்று இன்றும் சொல்கிறோம். கைக்கொண்டு புழங்குவதே ஆளுதல். அரசு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

'ஆள்' என்னும் இவ்வினை அண்டை மொழிகளுக்கும் பொது. மலையாளத்தில் ஆளுக, கன்னடத்தில் ஆளு, தெலுங்கில் ஏலு. ஜெர்மானியரின் 'ஹாபன்' டச்சுக்காரரிடம் 'ஹெபன்' ஆகிறது, அதுவும் உடைமை வினைதான். சொல் பொது என்பதற்காக டச்சுக்காரரை ஜெர்மானியர் என்பாருண்டா?

தெலுங்கின் ஏகாரம் என்னை வெகுநாள் நிறுத்தி வைத்தது. யானைக்கு ஏனுகு, யாற்றுக்கு ஏறு, யாண்டுக்கு ஏடு. நாம் 'யா' என்ற இடத்தில் அவர்கள் 'ஏ' என்கிறார்கள். அப்படியானால் ஏலுவுக்கு நேர் 'யாள்' அல்லவா? யானை ஆனையானது போல யாள் ஆள் ஆயிற்று. நூல்களில் அவ்வடிவம் இல்லை என்பார்கள். ஏட்டில் ஏறாத பேச்சு எவ்வளவோ உண்டு. மனிதனைக் குறிக்கும் ஆள் வேறு வேர். தெலுங்கில் மனைவி ஆலு, அங்கே ஆகாரம் அசையவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டியதில்தான் பாதிக் குழப்பம்.

சரிவைத் திருத்திச் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, மலையைக் கையாண்டு வாழ்ந்தவர் மலையாளி. இதில் எனக்கு ஐயமில்லை.