மூளை: அமைப்பும் பிம்பமும்

மூளை என்பது கபாலத்தினுள் மூன்று உறைகளால் சூழப்பட்டு, நிறமற்ற ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும் அவயவம். அதுவும் தண்டுவடமும் சேர்ந்து மத்திய நரம்பு மண்டலம் எனப்படும்; அவ்விரண்டிலிருந்தும் புறப்பட்டு உடலெங்கும் பரவும் நரம்புகள் புற நரம்பு மண்டலம் எனப்படும். வயது வந்த மனிதரின் மூளை சராசரியாக 1,300 முதல் 1,400 கிராம் வரை எடையுள்ளது. உடலின் எடையில் அது ஏறக்குறைய 2 சதவீதமே என்றாலும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. ரத்த ஓட்டம் சில நிமிஷங்கள் தடைப்பட்டாலும் அதன் அணுக்கள் மடியத் தொடங்குவதற்கு இந்த ஓயாத தேவையே காரணம்.

இருதயத்தைப் பிளந்து பார்ப்பவருக்கு அதன் அறைகளும் வால்வுகளும் ரத்தம் எத்திசையில் ஓடவேண்டும் என்பதைத் தாமே காட்டிவிடுகின்றன. கண்ணின் வில்லையும் விழித்திரையும் அவ்வாறே தம் காரியத்தைத் தம் வடிவத்தால் தெரிவிக்கின்றன. மூளையோ, அறுத்துப் பார்த்தவர் எவருக்கும் தன் தொழிலை எளிதில் சொன்னதில்லை. ஆகவே அதைப் பற்றிய அறிவு, நோயுற்றோரும் காயமுற்றோரும் இழந்துவிட்ட சக்திகளைக் கொண்டு அதன் பிரதேசங்களின் தொழிலை ஊகிப்பதாலும், பின்னர் உயிருள்ளவரின் கபாலத்தைத் திறவாமலே உள்ளே நோக்கும் உபாயங்களைக் கண்டுபிடிப்பதாலும் மெல்ல மெல்லச் சேர்ந்தது. அந்த உபாயங்களால் கிடைக்கும் பிம்பம் ஒவ்வொன்றும் காற்றையோ, ரத்தத்தையோ, நீரையோ, ஏதோ ஒன்றின் அளவையே காட்டுகிறது. அது எது என்று அறிந்தவரே பிம்பத்தைச் சரியாகப் படிக்க வல்லவர். இது பற்றியே அமைப்பும் பிம்பமும் இங்கே ஒருசேரக் கூறப்படுகின்றன.

மூளையின் பெரும் பகுதி பெருமூளை. வலம், இடம் என இரு அரைக்கோளங்களாகப் பிரிந்து, மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கும் அதன் மேற்பரப்பில், 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள புறணி என்னும் சாம்பல் நிறப் பொருள் பரவியிருக்கிறது. நரம்பணுக்களின் உடல்கள் செறிந்திருக்கும் இடம் இதுவே. அதன் அடியிலுள்ள வெண்ணிறப் பொருள், அவ்வணுக்களிலிருந்து நீண்டு செல்லும் இழைகளாலானது. இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறையே அதற்கு வெண்மையைத் தருகிறது. இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்னும் கட்டில் மட்டும் ஏறக்குறைய 20 கோடி இழைகள் உள்ளன. ஒவ்வோர் அரைக்கோளத்தையும் நெற்றி மடல், உச்சி மடல், பொட்டு மடல், பிடரி மடல் என நான்காகப் பகுப்பது வழக்கம். நெற்றி மடலின் பின்னோரத்திலிருந்து தசைகளை இயக்கும் ஆணைகள் புறப்படுகின்றன. அதற்கு அடுத்து உச்சி மடலின் முன்னோரத்தில் ஸ்பரிச உணர்ச்சி வந்து சேர்கிறது. பிடரி மடல் பார்வைக்கும், பொட்டு மடலின் மேற்புறம் செவிக்கும் உரியவை. தசைகளை இயக்கும் இழைகளுள் பெரும்பாலானவை மூளையின் அடியிலுள்ள முகுளத்தில் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து செல்வதால், இடது அரைக்கோளத்தில் நேரும் சேதம் வலக்கையையும் வலக்காலையும் செயலிழக்கச் செய்கிறது.

பெருமூளையின் ஆழத்தில் தலாமஸ், ஹைப்போதலாமஸ், ஹிப்போகாம்பஸ் முதலிய உறுப்புகள் புதைந்திருக்கின்றன. முகர்ச்சி நீங்கலான புலன்களின் செய்திகள் புறணிக்குச் செல்லும் வழியில் தலாமஸைக் கடக்கின்றன. பசி, தாகம், உடற்சூடு, உறக்கம் ஆகியவை ஹைப்போதலாமஸின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஹிப்போகாம்பஸின் தொழில் தெளிவாக விளங்கியதோ ஒரு துயரச் சம்பவத்தால். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற வாலிபரின் கடுமையான வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அகற்றினார்கள். அவருடைய புத்தியும் பேச்சும் குன்றவில்லை. பழைய நினைவுகள் பலவும் நிலைத்திருந்தன. ஆனால் அன்றுமுதல் இறக்கும் வரையில், 55 ஆண்டுகள், புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்துச் சித்திரம் வரையும் பழக்கத்தை மட்டும் அவர் நாளுக்கு நாள் திருத்தமாகக் கற்றதையும், கற்றோம் என்பதையே அவர் அறியாததையும் கண்டு, கைத்திறனின் நினைவும் நிகழ்ச்சிகளின் நினைவும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை என்று நிலைநாட்டினார். தம் பெயரை வாழ்நாள் முழுதும் வெளியிடாமலே இத்தனை அறிவை உலகுக்கு அளித்த அம்மனிதருக்கு நரம்பியல் பட்டுள்ள கடன் பெரிது.

பிடரியில் பெருமூளையின் அடியில் அமைந்த சிறுமூளை, எடையில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கே. எனினும் மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் உள்ளன. அசைவுகளின் ஒழுங்கும் சமநிலையும் அதன் பொறுப்பு. அதற்கு முன்னே நிற்கும் மூளைத்தண்டு சுவாசத்தையும் ரத்த அழுத்தத்தையும் விழிப்பு நிலையையும் காப்பதால், அங்கே விரலளவு இடத்தில் நேரும் ரத்தக்கசிவு உயிரையே கொள்ளக்கூடும்.

மூளைத்தண்டின் தொடர்ச்சியான தண்டுவடம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமுள்ளது. முதுகெலும்புக் கால்வாயின் முழு நீளத்துக்கும் அது செல்வதில்லை. இடுப்புப் பகுதியின் முதலாம் அல்லது இரண்டாம் முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புக் கற்றைகள் மட்டும் திரவத்தில் தொங்குவதால், அங்கே ஊசி செலுத்தித் திரவத்தை எடுத்துப் பரிசோதிக்க முடிகிறது. ஜெர்மானிய வைத்தியரான குவின்கே 1891-இல் இம்முறையை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் புறப்படுகின்றன. இவற்றுள் செய்தி செல்லும் வேகம் ஒரே தன்மையதன்று: தடித்த மயலின் உறையுள்ள இழைகளில் விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலாகவும், உறையற்ற மெல்லிய இழைகளில் விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டராகவும் அது இருக்கும். காலில் கல் இடித்தவுடன் ஸ்பரிசம் முதலிலும் எரிச்சலோடு கூடிய வலி சற்றுப் பின்னரும் தோன்றுவது இவ்வேற்றுமையால்தான்.

மூளையின் நடுவே, ஒன்றோடொன்று தொடர்புள்ள நான்கு வெற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரிலுள்ள ரத்தக்குழாய்ப் பின்னல்கள் நாள்தோறும் ஏறக்குறைய அரை லிட்டர் திரவத்தை உற்பத்தி செய்கின்றன. ஒரு சமயத்தில் தேங்கியிருப்பது 150 மில்லிலிட்டரே ஆதலால், திரவம் முழுதும் தினம் மூன்று முறைக்கு மேல் புதிதாகிறது. அது வடியும் வழி அடைபட்டால் அறைகள் ஊதிப் பெருக்கின்றன. எலும்புகள் இணையாத சிசுக்களுக்குத் தலையே பெரிதாகிவிடுகிறது. ஐரோப்பாவின் பண்டை ஆசிரியர்கள் இவ்வெற்றறைகளையே கற்பனைக்கும் அறிவுக்கும் ஞாபகத்துக்கும் இருப்பிடங்கள் என்று பல நூற்றாண்டுகள் போதித்து வந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியனார்டோ டாவின்சி, எருதின் மூளையிலுள்ள அறைகளில் உருகிய மெழுகைச் செலுத்தி, அது இறுகிய பின் சுற்றிலுமிருந்த திசுவை நீக்கி, அவற்றின் உண்மை வடிவத்தைக் கையிலெடுத்துப் பார்த்தார். உள்ளறையை வேறொரு பொருளால் நிரப்பி அதன் உருவைக் காணும் இந்த யுக்தி, நானூறு ஆண்டுகள் கழித்து உயிருள்ள மனிதர்மீது பிரயோகிக்கப்பட்டது.

அதற்கு முன்பு மூளையின் பிரதேசங்களை வகுத்தவர்கள் பிரேதப் பரிசோதனை செய்த வைத்தியர்களே. பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த லெபார்ஞ் என்பவர், பிறர் பேசுவதைப் புரிந்துகொண்டபோதிலும், எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஓர் ஒலியையே விடையாகச் சொல்லி வந்தார். 1861-இல் அவர் இறந்தபின் பால் புரோகா அவருடைய மூளையை ஆராய்ந்து, இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் சேதத்தைக் கண்டு, வாய்ப்பேச்சு அந்த இடத்தைச் சார்ந்தது என்று அறிவித்தார். மூளையைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, பிற்காலத்தார் காணும் பொருட்டு அவர் அதை முழுமையாகப் பாதுகாத்து வைத்தது, என் கருத்தில், அவருடைய கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறையாத செய்கை. ஏனெனில், 2007-இல் அதே மூளையை, பின்னே கூறப்படும் எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து ஆராய்ந்தவர்கள், சேதம் புறணியோடு நில்லாமல், புரோகாவின் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் வெண்ணிற இழைகளையும் அழித்திருந்ததைக் கண்டார்கள்.

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தபோது கபாலத்தின் எலும்பு தெளிவாகத் தெரிந்தது, மூளை தெரியவில்லை. சாம்பல் நிறப் பொருளும் வெண்ணிறப் பொருளும் திரவமும் அக்கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதால் அவற்றிடையே வேற்றுமை தோன்றுவதில்லை. 1918-இல் பால்டிமோர் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணரான வால்டர் டான்டி, உள்ளறைகளின் திரவத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். கட்டியிருந்தால் அறையின் வடிவம் நசுங்கியோ ஒருபுறம் ஒதுங்கியோ காணப்படும். கட்டியைக் காணாமலே கட்டியின் இடத்தை அறியும் வழி அது. நோயாளிகளுக்கு அதனால் தாங்கவொண்ணாத தலைவலியும் வாந்தியும் உண்டாயின. 1927-இல் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுத்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வைத்தியர்கள் இவ்விரு முறைகளையே பெரிதும் நம்பியிருந்தனர்.

அந்த நிலையை மாற்றியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று அளந்து, கணினியின் உதவியால் உள்ளே ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் கணக்கிட்டால், தலையின் குறுக்குவெட்டைப் படமாக அமைக்கலாம் என்பது அவர் கொள்கை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனைச் சேர்ந்த விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், நெற்றி மடலில் கட்டியிருக்கலாமென்று ஐயுற்ற ஒரு பெண்மணிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. பக்கத்துக்கு 80 புள்ளிகளே கொண்ட அந்தச் சிறு படத்தில் கட்டி பிரத்தியட்சமாகத் தெரிந்தது. கணித அடிப்படையைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மக்கோடு அவர் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நீருக்கு 0, காற்றுக்கு −1,000 என்று அமைந்த அடர்த்தி அளவை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. புதிதாகக் கசிந்த ரத்தம் திசுவைவிட அடர்த்தியானதாகையால் சி.டி. படத்தில் வெண்மையாகத் தோன்றும். பக்கவாதம் கண்டவரை முதலில் இக்கருவிக்குக் கொண்டுசெல்வதன் காரணம் இதுவே: உறைகட்டியைக் கரைக்கும் மருந்து, வழக்கமாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் தரவேண்டியது, ரத்தக்கசிவால் வந்த வாதத்துக்குக் கொடுத்தால் உயிருக்கே அபாயமாக முடியும். அடைப்பினால் வந்த வாதத்தில் முதற் சில மணி நேரம் படம் மாறுதலின்றிக் காணப்படலாம். ஆகவே சுத்தமான படத்தைக் கண்டு நோய் இல்லையென்று கொள்வது பிழை.

எம்.ஆர்.ஐ. முறையில் எக்ஸ் கதிருக்கு இடமில்லை. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்கள் பலமான காந்தப் புலத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழல்கின்றன, 1.5 டெஸ்லா புலத்தில் அவ்வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 லட்சம் சுற்று. அதே அலைவெண்ணுள்ள ரேடியோ அலையால் அவற்றைக் கலைத்து, அவை பழைய நிலைக்கு மீளும்போது வெளியிடும் மெல்லிய அலையைக் கிரஹித்தால், அவற்றின் சூழலை அறியலாம். 1973-இல் பால் லாட்டர்பர் இதிலிருந்து படம் அமைக்கும் வழியைக் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை விரைவாக்கினார். இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். மீளும் காலத்தை இருவிதமாக அளப்பதால் ஒரே மூளை இருவிதமாகத் தோன்றுகிறது: டி-1 படத்தில் திரவம் கறுத்தும் வெண்ணிறப் பொருள் வெளுத்தும், டி-2 படத்தில் திரவம் பளிச்சென்று வெளுத்தும் இருக்கும். வீங்கிய திசுவும் மயலின் அழிந்த இடமும் டி-2 படத்தில் வெளுப்பதால் நோயைத் தேடுவோர் அதையே விரும்புவர். நீரின் இயல்பான பரவலை அளக்கும் மற்றொரு வகைப் படம், அடைப்பினால் மடியும் திசுவை மிக விரைவில் காட்டுகிறது; நீர் இழையின் நீளவாட்டில் எளிதாகப் பரவுவதால், வெண்ணிறக் கற்றைகளின் போக்கையும் அதனால் வரைய முடிகிறது. இதயத்தில் மின்கருவியோ உடலில் இரும்புத்தன்மையுள்ள உலோகமோ உள்ளவர்களை முன்விசாரணையின்றி அக்காந்தத்தின் அருகில் விடலாகாது. படத்தைப் பார்ப்போர் இன்னொன்றையும் நினைவிலிருத்த வேண்டும்: நோயாளியின் பாதத்தின் பக்கம் நின்று நோக்குவதாக வைத்து இப்படங்கள் அமைவதால், படத்தின் இடப்புறம் அவருடைய வலப்புறமாகும்.

1990-இல் செய்ஜி ஒகாவா, பிராணவாயுவை இழந்த ரத்தமும் இழக்காத ரத்தமும் காந்தத்துக்கு வெவ்வேறாக உட்படுவதைப் பயன்படுத்தி, மூளையில் வேலை நடக்கும் இடங்களைக் காட்டும் முறையை வகுத்தார். பத்திரிகைகளில் செம்மஞ்சள் திட்டுகளோடு வெளிவரும் படங்கள் இவ்வகையின. இவற்றை எண்ணத்தின் படமாகக் கருதுவோர் பலர், அது பொருந்தாது. அளக்கப்படுவது ரத்தத்தின் மாறுதல். அது நரம்பணுக்கள் வேலை செய்து சில விநாடிகள் கழித்தே உச்சத்தை அடைகிறது. நிறமோ, பல அளவுகளை ஒப்பிட்ட புள்ளியியல் முடிவைக் குறிக்கப் பிற்பாடு இட்டது. காலத்தின் நுட்பத்துக்கு, ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட, மூளையின் மின் அலைகளைப் பதியும் முறையே இன்றும் மேலானது. விநாடியின் ஆயிரத்திலொரு பாகத்தையும் அது தவறவிடுவதில்லை, ஆனால் அலை மூளையில் எவ்விடத்தில் எழுந்தது என்பதைத் திட்டமாகச் சொல்லாது.

நரம்பணு அளவில் மூளையைக் காண்பதற்கு வழி, இன்றும் இறந்தவரின் மூளையைச் சீவிச் சாயமேற்றி நுண்காட்டியில் நோக்குவதே. 1873-இல் கமில்லோ கால்ஜி வெள்ளி உப்பால் நரம்பணுக்களைக் கறுக்கச் செய்யும் முறையைக் கண்டார். அதே முறையைக் கையாண்ட ஸ்பெயின் தேசத்து ரமோன் இ கஹால், அவ்வணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனி உயிரணுக்கள் என்று நிரூபித்தார். 1906-இல் இருவரும் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மேடையிலும் கால்ஜி அக்கொள்கையை மறுத்தே பேசினார். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் அம்மரபைத் தொடர்ந்து, கருவிலிருந்த சிசுக்களின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, தரணி என்ற பெயரில் 2024-இல் உலகத்தார் எவரும் காணுமாறு வெளியிட்டது. உயிரோடிருப்பவரின் மூளையில் தனியொரு நரம்பணுவைக் கபாலத்துக்கு வெளியிலிருந்தே காட்டும் கருவி இன்னும் மருத்துவமனைகளுக்கு வரவில்லை.