வாழ்நாளுக்கு வரம்பிட்டவர்கள்

ஒருவர் எப்பொழுது இறப்பார் என்பதை எவரும் அறியார். ஆயினும், ஒரு நாட்டில் பிறக்கும் குழந்தைகளுள் எத்தனை பேர் முதுமையை எய்துவர் என்பதைக் கணக்கிட இயலும். இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் இலண்டன் துணி வணிகர் ஜான் கிராண்ட். கொள்ளைநோயின் போக்கை அறிய வாரந்தோறும் வெளியிடப்பெற்ற இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து, 1662-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பிறக்கும் 100 குழந்தைகளுள் 36 குழந்தைகள் 6 வயதுக்கு முன்பே மடியும் என்பது அவருடைய மதிப்பீடு. பட்டியல்களில் இறந்தோரின் வயது இல்லை; ஆதலின், குழந்தைகளைத் தாக்கும் நோய்களைக் கொண்டே அதனை அவர் உய்த்துணர்ந்தார்.

அக்குறையை நீக்கியவர் வானநூல் அறிஞர் எட்மண்ட் ஹாலி. இன்று போலந்து நாட்டில் உள்ள பிரெஸ்லா நகரத்தில், 1687 முதல் 1691 வரை இறந்தோரின் விவரங்களைக் காஸ்பர் நாய்மன் என்னும் பாதிரியார் வயதோடு தொகுத்திருந்தார். அவற்றைக் கொண்டு ஹாலி 1693-இல் ஆயுள் அட்டவணை ஒன்றை அமைத்தார். அக்காலத்தில் ஆங்கில அரசாங்கம், முன்பணம் செலுத்தியவர்க்கு ஆயுள் முழுதும் ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கிற்று. சிறுவனுக்கும் முதியவருக்கும் முன்பணம் ஒன்றே! நெடுநாள் வாழக்கூடிய இளையோரிடம் அரசாங்கம் மிகக் குறைவாகப் பெறுகிறது என்பதை அவ்வட்டவணை தெளிவாக்கிற்று.

ஆனால், அட்டவணை காட்டுவது சென்ற காலத்தை. வருங்காலத்தை உரைப்பது எவ்வாறு? 1928-இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் லூயிஸ் டப்ளின் இதற்கு விடை காண முயன்றார். அப்போது அமெரிக்க மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 57 ஆண்டுகள். அன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு அது 64.75 ஆண்டுகள் வரையே உயரக்கூடும் என்று அவர் வரம்பிட்டார். நியூசிலாந்தில் மவோரி அல்லாத பெண்கள் அவ்வரம்பை ஏற்கெனவே கடந்திருந்ததை அவர் அறிந்திலர். பின்னர் சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தன. 1940-களிலேயே அமெரிக்காவும் அவ்வரம்பைத் தாண்டிற்று.

இத்தகைய பிழை ஏட்டளவில் நிற்பதன்று. ஆயுளைக் குறைத்து மதிப்பிட்டால், ஓய்வூதியத்திற்கென ஒதுக்கிய பணம் முதியோர் உயிரோடிருக்கும்போதே தீர்ந்துபோகும். இதனால் பிற்கால அறிஞர் சிலர் வரம்பிடுவதைக் கைவிடலாயினர். 1992-இல் ரொனால்ட் லீ, லாரன்ஸ் கார்ட்டர் இருவரும் ஒவ்வொரு வயதிலும் இறப்பு வீதம் பல்லாண்டுகளாகக் குறைந்துவந்த போக்கைக் கணித்து, அதனை வருங்காலத்திற்கு நீட்டினர். தங்கள் கணிப்பு எவ்வளவு பிழைபடலாம் என்பதையும் உடன் கணக்கிட்டுக் கூறினர். அவ்வடக்கமே இக்கலை மூன்று நூற்றாண்டுகளில் கற்ற பாடமாகும்.