கைராசியும் கோணமும்: சென்னை முதுகெலும்புக் காசநோய் ஆய்வை மறுபடி வாசித்தல்

முதுகெலும்புக் காசநோய்க்குக் கத்தி வேண்டாம், மாத்திரையே போதும் என்பதைச் சென்னை ஆய்வு நிறுவிவிட்டதாக ஒரு தரப்பு நெடுங்காலமாக எழுதி வருகிறது. அந்த வாசிப்பு பாதி சரி. விடுபட்ட பாதியில்தான், கடுமையான முதுகு நோய்க்கு எந்த அறுவை மருத்துவரை நம்பிப் போவது என்ற கேள்விக்குப் பிடி கிடைக்கிறது என்பது என் வாதம்.

அந்த ஆய்வின், 1999இல் வெளிவந்த பத்தாண்டு அறிக்கையையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். முள்ளெலும்புகளில் நோய் கண்ட 304 பேர் சமவாய்ப்பு முறையில் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். இரண்டு பிரிவினர் படுக்கையில் கிடக்காமல் நடமாடிக்கொண்டே ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் மாத்திரைகளை உட்கொண்டனர். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம், மற்றதற்கு ஒன்பது மாதம். மூன்றாம் பிரிவுக்கு ஆறு மாத மாத்திரையோடு ஹாங்காங் அறுவையும் நடந்தது. முன்பக்கமாகத் திறந்து, நோயுற்ற எலும்பை அகற்றி, அந்த இடைவெளியில் எலும்பு ஒட்டு வைக்கும் முறை அது. நடக்க முடியாத அளவுக்குக் கால்கள் செயலிழந்தவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருந்தனர். ‘மாத்திரை போதும்’ என்ற முடிவை மேற்கோள் காட்டுவோர் இந்த விலக்கைச் சேர்த்துச் சொல்வது அரிது.

அறிக்கையின் முடிவு தெளிவானது: ஆறு மாத மாத்திரை பயனளித்தது. ஆனால் அதே மூச்சில் ஒரு விதிவிலக்கும் சொல்லப்படுகிறது. 15 வயதுக்கு உட்பட்டவர்களில், தொடக்கத்திலேயே கூன் கோணம் 30 பாகைக்கு மேல் இருந்தவர்களுக்குக் கூன் கணிசமாகக் கூடியது. இதை ஓரக்குறிப்பாகத் தள்ளிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அறிக்கையின் மையம் அதுதான் என்று கருதுகிறேன். கிருமி ஒழிந்தது, முதுகு வளைந்துகொண்டே போனது. மருந்தின் கணக்கில் குணமானவர், எலும்பின் கணக்கில் குணமாகவில்லை.

ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் 1950களில் வளர்த்தெடுத்த அறுவை அங்கே நல்ல பலன் தந்தது. சென்னையில் அந்தச் சிறப்பு தெரியாததற்குக் கைத்திறனே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் ஆய்வின் மூன்றாம் பிரிவு ஒரு முறையை மட்டும் சோதிக்கவில்லை. அதைச் செய்த கைகளையும் சேர்த்தே சோதித்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆய்வின் அமைப்பில் வழியில்லை. ஆகவே ‘அறுவை தோற்றது’ என்பதற்கும் ‘கை தோற்றது’ என்பதற்கும் ஆதாரம் ஒரே அளவில்தான் இருக்கிறது. யாருக்கு மாத்திரையோடு நிறுத்தலாம், யாரை விடாமல் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் தரவு உறுதியாகக் காட்டுகிறது.

இந்த இடத்தில் ராஜசேகரன், சண்முகசுந்தரம் இருவரின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரை முக்கியமாகிறது. அறுவையின்றிச் சிகிச்சை பெற்றவருக்குக் கடைசியில் கூன் எத்தனை பாகையில் நிற்கும் என்பதை, தொடக்கத்தில் அரித்துப்போன எலும்பின் அளவைக் கொண்டே கணிக்கலாம் என்று அவர்கள் காட்டினர். அரிப்பின் அளவை 30.5ஆல் பெருக்கி 5.5 கூட்ட வேண்டும். மொத்தத்தில் ஒரு முழு முள்ளெலும்பு அளவுக்கு அரிப்பு என்றால் 36 பாகை; ஒன்றரை என்றால் ஏறத்தாழ 51. பின்னர் ராஜசேகரன் 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001இல் எழுதியது இன்னும் கூர்மையானது: நோய் ஆறிய பிறகும், வளர்ச்சி நிற்கும்வரை சில குழந்தைகளுக்குக் கூன் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது. யார் எந்தப் பக்கம் என்பதை எக்ஸ்ரேயின் சில அடையாளங்கள் முன்கூட்டியே சொல்கின்றன.

இனி, இந்த வாசிப்பைச் சென்னையின் வடபழனியில் பொருத்திப் பார்க்கலாம். ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் குறுக்கிடும் இவ்வட்டாரத்தில், படத் தயாரிப்பாளர் நாகி ரெட்டி 1972இல் தொடங்கிய விஜயா மருத்துவமனை முதல் பிற்காலப் பன்னோக்கு மருத்துவமனைகள்வரை அடுத்தடுத்து இருக்கின்றன. முதுகு அறுவை மருத்துவருக்கு இங்கே பஞ்சமில்லை, தேர்ந்தெடுப்பதுதான் பாடு. குடும்பங்கள் முதலில் கேட்பது “டாக்டர் கைராசிக்காரரா?” என்று. கொஞ்சம் படித்தவர்கள் “எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்கார்?” என்கிறார்கள். இரண்டும் கையைப் பற்றிய கேள்விகளே. கை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை; மேசையில் படுத்தபின் அதுதான் எல்லாம். ஆனால் அந்த எண்ணிக்கையில், அறுவை வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பியவர்கள் இல்லை. அனுப்பியபின் ஆண்டுக்கணக்கில் கூப்பிட்டுப் பார்த்தவர்களும் இல்லை. சென்னை ஆய்வைச் சரியாக வாசித்தால், கேட்க வேண்டியது: “இப்போது கோணம் எவ்வளவு? என்ன நடந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?” இதற்கு எண்ணோடு பதில் சொல்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அன்று எம்.ஆர்.ஐ. இல்லை, இன்றைய திருகாணிகள் இல்லை, ஆய்வு பழசு என்பார்கள். திருகாணி எப்படி அறுப்பது என்பதை மாற்றியது. யாருக்கு அறுப்பது என்பதை அல்ல. வடபழனிக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு டிஸ்க் விலகல்தானே, காசநோய் இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். அங்கும் நிலைமை இதே சாயல்தான். நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தனர். காத்திருக்கச் சொல்லப்பட்ட 142 பேரில் 55 பேருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. அந்த 55 பேரை உரிய நேரத்தில் இனங்காண்பதும் அறுவை மருத்துவரின் வேலையே. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் நாளுக்கு நாள் வலுவிழந்தாலோ மட்டும் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. அருகில் முதுகு அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

கணிப்பு முழுதும் தொடக்க அளவை நம்பி நிற்பதால், பழைய எக்ஸ்ரே படம் இல்லாமல் வரும் குழந்தைக்குக் கூன் கூடியிருக்கிறதா என்று எந்தக் கைராசிக்காரராலும் சொல்ல முடியாது. மருத்துவமனை மாறும்போது குடும்பங்கள் முதலில் தொலைப்பது அந்தப் படத்தைத்தான்.